சான்றும் எல்லையும்: சமூக ஊடக மருத்துவ அறிவுரைகளில் அளவை நெறி

1. முன்னுரை

ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கு நாளில் அடுத்த ஆண்டிற்குரிய நாட்காட்டிகளின் மாதிரித் தொகுப்புகளை வெளியிடுதல் சிவகாசி அச்சகத்தாரின் வழக்கம். தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்னும் மூன்று தொழில்களால் பெயர்பெற்ற இந்நகரிலிருந்து செல்லும் நாட்காட்டிகளைத் தமிழ்நாட்டின் எவ்வூர்ச் சுவரிலும் காணலாம். நாள்தோறும் கிழிக்கும் தாள்களையுடைய நாட்காட்டிகளுள் சில, தாளின் பின்புறத்தில் ஒரு பொன்மொழியையோ சமையற் குறிப்பையோ மருத்துவக் குறிப்பையோ தாங்கி வருவன. அம்மருத்துவக் குறிப்பு ஓரிரு வரிகளில் அமைந்தது. அதனை எழுதியவர் யார், எந்நூலிலிருந்து எடுத்தார், யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பன அதில் இரா. படித்தவர் நம்பினும் நம்பாவிடினும், மறுநாள் காலையில் அத்தாள் கிழிந்துபோம்.

இன்று அக்குறிப்பின் இடத்தைக் கைப்பேசி பெற்றுள்ளது. யூடியூபிலும் முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் பட்டம் பெற்ற மருத்துவர்கள் தம் முகங்காட்டித் தமிழில் பேசுகின்றனர், எழுதுகின்றனர். சிவகாசிக்கு அணித்தேயுள்ள இராசபாளையத்தைச் சேர்ந்த மருத்துவர் கு. கணேசன் போன்றோர் நாளிதழ்க் கட்டுரைகள் வாயிலாக வளர்த்த மருத்துவத் தமிழ், இன்று அசையும் படமாகவும் சில வரிப் பதிவாகவும் உருமாறி ஊர்தோறும் பரவுகின்றது. பெயரில்லாத குறிப்பின் இடத்தில் பெயருடைய மருத்துவர் வந்திருத்தல் முன்னேற்றமே. அதனை மறுப்பார் இலர்.

எனினும் ஒரு வினா எழுகின்றது. அம்மருத்துவர் தம் கூற்றை எதனைக்கொண்டு நிறுவுகின்றார்? 'இதனை உண்க, இதனை விடுக' என்னும் அறிவுரைக்கு அவர் காட்டும் சான்று யாது? அச்சான்று கூற்றைத் தாங்குகின்றதா, அன்றித் தாங்குவதுபோல் தோன்றுகின்றதா? இவற்றை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும். எம்மருந்து நன்று, எம்மருந்து தீது என்று துணிதல் நம் துறையன்று. அது மருத்துவர்க்கே உரியது. ஆயின், ஒரு கூற்றுக்கும் அதற்குக் காட்டப்பெறும் ஏதுவுக்கும் இடையேயுள்ள இயைபை ஆராய்தல் தமிழ்க் கல்விக்குப் புறம்பான செயலன்று. அதற்கு வேண்டிய கருவிகளை நம் முன்னோர் நமக்குச் செம்மையாகவே வைத்துச் சென்றுள்ளனர்.

2. ஆராய்ச்சிக்குரிய கருவிகள்

சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை காட்டும் அளவை நெறி கற்றோர் அறிந்ததே. 'சமயக்கணக்கர்தம் திறங்கேட்ட காதை'யில் வைதிக அளவைவாதி காட்சி முதலாகப் பத்து அளவைகளை எடுத்துரைக்கின்றான். 'தவத்திறம் பூண்டு தருமங்கேட்ட காதை'யில் அறவண அடிகள் காட்சியும் கருத்துமாகிய இரண்டே அளவைகள் எனக் கொண்டு, ஏனையவற்றை அவற்றுள் அடக்குகின்றார். பின்னர்ப் பக்கம், ஏது, திட்டாந்தம் ஆகியவற்றின் இயல்பையும், அவற்றின் போலிகளையும் விரித்துரைக்கின்றார். சிவஞான சித்தியாரின் அளவையியல் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் ஏனையவற்றை அடக்கிக் காட்டும். சமயவாதத்தின் பொருட்டு இவை வகுக்கப்பெற்றன எனினும், எக்கூற்றையும் எடை போடுதற்கு இவை பயன்படும்.

இவற்றோடு மற்றொரு கருவியையும் நாம் துணைக்கொள்வோம். அது நன்னூல் கூறும் சிறப்புப் பாயிர இலக்கணம். நூலின் பெயர், ஆக்கியோன் பெயர், அது வந்த வழி, வழங்கும் எல்லை, நுதலிய பொருள், கேட்போர், பயன் முதலிய எட்டோடு காலம், களம், காரணம் என்னும் மூன்றையுங் கூட்டிப் பதினொன்றாகப் பவணந்தியார் தொகுத்தார். ஒரு நூலுக்குள் நுழையுமுன் அதனைப்பற்றி அறிய வேண்டுவன இவை என்பது அவர் கருத்து. எல்லை என்பதனை உரையாசிரியர்கள் நூல் வழங்கும் நிலப்பரப்பு எனக் கொண்டனர். நாம் அதனை ஓர் அறிவுரை செல்லும் பரப்பு, அஃதாவது யாருக்கு, எந்நிலையில், எவ்வளவிற்கு அது பொருந்தும் என்னும் வரம்பு என விரித்துக்கொள்கின்றோம். இவ்விரிவு நம்முடையதே என்பதைப் படிப்போர் நினைவிற் கொள்க.

3. உரை அளவை: பட்டமும் பட்டறிவும்

சமூக ஊடக மருத்துவ உரைகளில் மிகுதியாக ஆளப்படுவது உரை அளவையே. மருத்துவர் தம் பெயருக்குப்பின் பட்டங்களை நிரல்படத் தருவர். வெள்ளையங்கியும் இதயத்துடிப்பு மானியும் திரையில் தோன்றும். 'இருபதாண்டு அனுபவத்தில் சொல்கின்றேன்' என்னும் தொடர் முற்படும். இவையனைத்தும் 'நான் சொல்கின்றேன். ஆதலின் மெய்' என்னும் ஒரே ஏதுவின் பல வடிவங்களாம்.

உரை அளவை இழிந்ததன்று. நோயாளி எல்லாவற்றையும் தானே ஆய்ந்தறிதல் இயலாது. வல்லுநர் சொல்லை நம்பியே வாழ வேண்டியுள்ளது. ஆயினும் உரை அளவையாதற்கு உரியவன் ஆப்தன். அவனுக்கு அறிவும் வேண்டும், வஞ்சமின்மையும் வேண்டும். பட்டம் முதலாவதற்கு ஓரளவு சான்றாகலாம். இரண்டாவதற்கு அது சான்றாகாது. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் 'ஜாமா நெட்வொர்க் ஓபன்' என்னும் இதழில் 2025 பிப்ரவரியில் வெளிவந்த ஓர் ஆய்வு இங்கு நோக்கத்தக்கது. உடல் முழுவதையும் படமெடுத்தல் முதலிய ஐவகைப் பரிசோதனைகளைப் பற்றி இன்ஸ்டாகிராமிலும் டிக்டாக்கிலும் வெளிவந்த 982 பதிவுகளை அவ்வாய்வாளர் எடுத்துக்கொண்டனர். நன்மையைக் கூறியன 87 விழுக்காடு. தீங்கினைக் கூறியன 15 விழுக்காடே. பதிவிட்டோருள் 68 விழுக்காட்டினர் அப்பொருளால் வருவாய் பெறும் தொடர்புடையோர். மருத்துவர்களின் பதிவுகள் ஏனையோர் பதிவுகளினும் தீங்கினை மிகுதியாகச் சுட்டின என்பதும் அவ்வாய்வின் முடிபே. எனவே பட்டம் பயனற்றது என்று கூறுதல் பொருந்தாது; பட்டம் மட்டும் போதாது என்பதே நாம் கொள்ளத்தக்கது.

உரை அளவை தனித்து நிற்கும்போது நேரும் இடரை 2024 சூலையில் நிகழ்ந்த ஒரு வாதம் தெளிவாகக் காட்டும். சென்னையில் வளர்ந்த திரைப்பட நடிகை சமந்தா, வைரசுத் தொற்றுக்கு ஐட்ரசன் பெராக்சைடைக் காய்ச்சி வடித்த நீருடன் கலந்து ஆவியாக உள்ளிழுத்தல் உதவும் என்று இன்ஸ்டாகிராமில் தெரிவித்தார். கேரளத்துக் கல்லீரல் மருத்துவர் சிரியக் ஆபி பிலிப்சு அதனை வன்மையாக மறுத்தார். அமெரிக்க ஆசுதுமா ஒவ்வாமை அறக்கட்டளை அச்செயலுக்கு எதிராக விடுத்த எச்சரிக்கையை அவர் சான்றாகக் காட்டினார். சமந்தா தந்த விடையில் முதன்மை பெற்றது, அதனைப் பரிந்துரைத்தவர் எம்.டி. பட்டம் பெற்றவர், நாட்டின் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தில் 25 ஆண்டு பணியாற்றியவர் என்பதாகும்.

இவ்விரு சான்றுகளையும் அருகருகே வைத்து நோக்குவோம். ஒன்று, ஒரு மனிதரின் தகுதி. மற்றொன்று, யாரும் தேடிப் படித்துச் சரிபார்க்கத்தக்க ஓர் எச்சரிக்கை. முன்னது கேட்போரை 'நம்புக' என்கின்றது. பின்னது 'நோக்குக' என்கின்றது. யார் சொன்னார் என்பதினும் சொல்லப்பட்டதன் மெய்ம்மையைக் காண்பதே அறிவு என வள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்தின் மூன்றாங்குறளில் உணர்த்தியது இவ்விடத்திற்கே உரியது போலும்.

அவ்வாதத்தில் மற்றொன்றும் காணத்தக்கது. மறுத்த மருத்துவர் சான்றளவில் வலிய நிலையில் நின்றார். ஆயின் நடிகைக்குத் தண்டமோ சிறையோ விதிக்க வேண்டும் என்னும் அளவிற்குச் சொல்லில் கடுமை காட்டினார். விளைவு யாது? பேச்சு ஐட்ரசன் பெராக்சைடை விட்டு நீங்கி, அவர் மொழிந்த முறையைப் பற்றியதாயிற்று. மெய்யான சான்றும் கடுஞ்சொல்லுள் வைக்கப்பெறின் கேட்போரைச் சேராது. சான்றைக் கொண்டு சேர்ப்பதும் மருத்துவரின் கடமையே.

4. காட்சியும் ஏதுப்போலியும்

உரைக்கு அடுத்து மிகுதியும் ஆளப்படுவது காட்சி. 'என்னிடம் வந்த நோயாளி ஒருவர் இதனைக் குடித்தார். பத்து நாளில் நலம் பெற்றார்' என்னும் கதையே அதன் வடிவம். கதை நெஞ்சைத் தொடும், நினைவில் நிற்கும். ஆதலின் கேட்போர் அதனைச் சான்றாகவே கொள்வர்.

டெங்குக் காய்ச்சலை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 2012-இல் தமிழ்நாட்டில் டெங்கு பரவியபோது, நிலவேம்புக் குடிநீரும் பப்பாளி இலைச்சாறும் அரசு மருத்துவமனைகளில் வழங்கப்பெற்றன. 2017-இல் அந்நோய் மீண்டும் பெருகிய காலத்தில் நடிகர் கமல்ஹாசன், ஆராய்ச்சி முடிவு தெளிவாகும்வரை நிலவேம்புக் குடிநீர் வழங்கலைத் தவிர்க்குமாறு தம் இயக்கத்தாரைக் கேட்டுக்கொள்ளவே, சமூக ஊடகங்களில் பெரும்பூசல் எழுந்தது. அலோபதி மருத்துவரும் சித்த மருத்துவரும் இரு திறத்தும் நின்று வாதிட்டனர். அவ்வாதங்களில் திரும்பத் திரும்ப வந்த ஏது ஒன்று: 'குடித்தவர் பிழைத்தனர்.'

இவ்வேதுவின் வலிமையை அறவண அடிகளின் நெறியில் நின்று காண்போம். டெங்கு கண்டவருள் பெரும்பாலோர் உரிய ஓய்வாலும் நீர்ப்பொருளாலும் தாமே நலம் பெறுவர். குடிநீர் குடித்தவரும் பிழைப்பர், குடியாதவரும் பிழைப்பர். எனவே 'பிழைத்தல்' என்னும் ஏது, சபக்கத்தும் உளது, விபக்கத்தும் உளது. இவ்வாறு இரண்டிடத்தும் சென்று நிற்கும் ஏதுவை அநைகாந்திகம் என்னும் ஏதுப்போலியுள் வைத்துப் பேசும் மணிமேகலை. இதனால் அக்குடிநீர் பயனற்றது என்று நாம் துணியவில்லை. அந்த ஏது அதன் பயனை நிறுவவில்லை என்று மட்டுமே கூறுகின்றோம். நிறுவ வேண்டுமாயின், குடித்தவரையும் குடியாதவரையும் ஒரே நிலையில் வைத்து ஒப்பிட வேண்டும். இன்றைய மருத்துவ ஆராய்ச்சியில் ஒப்பீட்டுக் குழுவிற்குத் தரப்படும் இடத்தின் காரணம் இதுவே.

கருதல் அளவையும் இவ்வாறே வழுவுதல் உண்டு. 'இக்காயில் இன்ன சத்துண்டு. அச்சத்து ஆய்வுக்கூடத்தில் கிருமியைக் கொன்றது. ஆதலின் இக்காயை உண்டார்க்கு அந்நோய் வாராது' என்பது ஒரு பொதுவான வாய்பாடு. ஒவ்வொரு படியும் தனித்தனியே மெய்யாகலாம். ஆயின் கண்ணாடிக் குழாயிலிருந்து மனித உடலுக்குத் தாவும் இறுதிப்படிக்கு ஏது தரப்படவில்லை. எவ்வளவு உண்ண வேண்டும், அது குடலில் செரிக்குமா, குருதியிற் சேருமா என்பன விடப்பட்டன. புகையைக் கண்டு நெருப்பைக் கருதுதல் முறை. புகை எழும் என்று கருதி நெருப்பைக் கண்டதாகக் கூறுதல் முறையன்று.

5. ஐதிகமும் திருக்குறளும்

மணிமேகலை அடுக்கும் பத்து அளவைகளுள் ஐதிகம் ஒன்று. உலகோர் வழிவழியாகக் கூறிவருவதை மெய்யெனத் தெளிதல் அது. இம்மரத்தில் பேய் உண்டு என்று ஊரார் கூறுவதை நம்புதலே அதற்குச் சாத்தனார் காட்டும் எடுத்துக்காட்டு. எடுத்துக்காட்டிலேயே அவர்தம் மதிப்பீடும் அடங்கியுள்ளது போலும்! 'நம் முன்னோர் மூடரல்லர்' என்று தொடங்கும் மருத்துவ உரைகள் யாவும் ஐதிகத்தின்பாற்படும். முன்னோர் மூடரல்லர் என்பது மெய். ஆயின் அம்முன்னோரே ஐதிகத்தை ஏனைய அளவைகளோடு வைத்து எடைபோட்டனர் என்பதும் மெய்யன்றோ?

இவ்வகை உரைகளில் திருக்குறள் பெறும் இடம் தனியே ஆராயத்தக்கது. மருந்து என்னும் அதிகாரத்தின் எட்டாங்குறள், அஃதாவது 948-ஆம் குறள், மருத்துவர் பலர்க்கும் முகவுரையாக உள்ளது. நோயையும் அதன் முதலையும் ஆராய்ந்து தணிக்கும் வழி காண்க என்னும் பொருளுடைய அக்குறளைக் கூறியபின், 'ஆகவே இவ்வுணவே தீர்வு' என்று முடிப்போரும் உளர். அக்குறள் ஆராயும் முறையைக் கூறுகின்றதேயன்றி, எக்குறிப்பிட்ட உணவையும் மருந்தையும் கூறவில்லை. முறையைக் கூறும் நூலை முடிபுக்குச் சான்றாகக் காட்டுதல் பொருந்தாது.

அதனினும் நுண்ணியது ஒன்றுண்டு. 948-ஆம் குறளை எடுத்தோதுவோர் 949-ஆம் குறளை எடுத்தோதுதல் அரிது. நோயுற்றவனின் தன்மை, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் கருதியே கற்றவன் செயற்படல் வேண்டும் என்பது அதன் கருத்து. சமூக ஊடக அறிவுரைகளில் காணாமற் போவன இம்மூன்றுமே. பேசும் மருத்துவர்க்குக் கேட்பவர் யாரெனத் தெரியாது. அவர் கருவுற்றவரா, சிறுநீரக நோயரா, முதியவரா, குழவியா என்பது தெரியாது. நோய் எந்நிலையில் உள்ளது என்பதும் தெரியாது. அடுத்த குறள் நோயாளி, மருத்துவன், மருந்து, உடனின்று உதவுவோன் எனச் சிகிச்சையை நாற்கூறாக்கும். கைப்பேசித் திரையில் மருத்துவனும் மருந்தும் மட்டுமே உள. ஏனைய இரண்டும் திரைக்கு வெளியே, யாண்டோ ஒரு வீட்டில் உள. அவ்வீட்டாரை எண்ணிப் பேசுவதே எல்லை கூறுதல்.

6. ஏகாரமும் உம்மையும்

சான்றின் வன்மையும் மென்மையும் சொல்லிலும் தோன்றல் வேண்டும். இதற்குத் தமிழில் இடைச்சொற்கள் போதிய அளவு உள. தொல்காப்பியர் ஏகாரத்திற்குத் தேற்றம், பிரிநிலை முதலிய பொருள்களையும், உம்மைக்கு எச்சம், முற்று, ஐயம் முதலிய பொருள்களையும் வகுத்தோதினார். 'நடைப்பயிற்சியும் சர்க்கரையைக் குறைக்கும்' என்புழி உம்மை எச்சப்பொருளது. மருந்தும் உணவும் பிறவும் தழுவப்பட்டன. 'நடைப்பயிற்சியே சர்க்கரையைக் குறைக்கும்' என்புழி ஏகாரம் பிரிநிலையாய் நின்று மருந்தை விலக்கிற்று. எழுத்தளவில் சிறு வேறுபாடு. இன்சுலினை நிறுத்திவிட்ட ஒருவர்க்கு அஃது உயிரளவினதாகும்.

சமூக ஊடகத் தலைப்புகள் தேற்றத்தையும் முற்றையும் விரும்புவன. 'இதை மட்டும் செய்தால் போதும்', 'எல்லா மூட்டுவலியும் தீரும்' என்பன போன்ற தொடர்களில் ஐயத்திற்கும் எச்சத்திற்கும் இடமில்லை. உள்ளே மருத்துவர் 'கூடும்' என்றும் 'சிலர்க்கு' என்றும் அளந்து பேசியிருப்பினும், தலைப்பு அவ்வளவைத் துடைத்துவிடுகின்றது. பின்னர் அது வாட்ஸ்அப் வழியே ஒருவர்மாற்றி ஒருவர்க்குச் செல்லுங்கால் 'கூடும்' என்பது 'ஆகும்' எனத் திரிகின்றது. நம் பேச்சு வழக்கில், பிறர் கூறக் கேட்டதைக் கூறுவோர் 'நல்லதாம்' என ஆம் என்பதனைச் சேர்த்து, 'இது யான் கண்டதன்று' என உணர்த்துவர். ஊர்ப்பெண்டிரும் பேணும் இவ்வளவை நெறியைக் கற்ற மருத்துவர் தம் தலைப்பில் கைவிடுதல் தகுமா?

7. தீக்காயம்: ஓர் எடுத்துக்காட்டு

மேற்கூறியவற்றைச் சிவகாசிக்கு உரிய ஒரு பொருளில் வைத்துக் காண்போம். தீபாவளியை அடுத்துத் தீக்காய முதலுதவி பற்றிய பதிவுகள் பெருகுகின்றன. வீட்டுப் பட்டாசால் விரல் சுட்டுக்கொள்ளும் குழந்தை நாடெங்கும் உண்டு. ஆயின் தீக்காயம் ஆண்டு முழுவதும் அஞ்சத்தக்கதாக உள்ளது பட்டாசுக் கூடங்களில் பணிபுரிவோர்க்கே. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடி விபத்தில் ஏறத்தாழ 40 பேர் உயிரிழந்தனர். அவருள் உதவச் சென்றோரும் வேடிக்கை காணச் சென்றோரும் இருந்தனர் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

தீக்காயத்தின்மேல் பற்பசை, எழுதும் மை, மாவு, எண்ணெய் முதலியவற்றைத் தடவுதல் நம்மிடை ஐதிகமாக நிலவுகின்றது. 'குளிர்ச்சி தரும்' என்னும் கருதலும் அதற்குத் துணை. இதற்கு மாறாக, ஓடும் குளிர்ந்த நீரை 20 நிமிடம் காயத்தின்மேல் விடுக என்பது இக்கால மருத்துவ நெறி. இதனைக் கூறும் மருத்துவர் மூவகையாக இதனை நிறுவலாம். 'நான் தீக்காயப் பிரிவில் பணியாற்றியவன்' என்பது உரை. 'நீரூற்றிய ஒரு குழந்தைக்குத் தழும்பே இல்லை' என்பது காட்சி. மூன்றாவது வருமாறு: ஆத்திரேலியாவின் குயின்சுலாந்தில் தீக்காயமுற்ற 2,495 குழந்தைகளைப் பற்றிய ஆய்வு 2020-இல் வெளிவந்தது, உரிய அளவு ஓடும் நீர் பெற்ற குழந்தைகட்குத் தோல் ஒட்டு மருத்துவம் தேவைப்படும் வாய்ப்பு நாற்பது விழுக்காட்டிற்குமேல் குறைந்தது. முதலிரண்டும் நம்பச் செய்வன; மூன்றாவதே ஒப்பிட்டுக் காட்டுவது. அறிவுரை ஒன்றே, அதனைத் தாங்கும் தூண்கள் வேறு.

ஆயின் மூன்றாவது சான்றைக் கூறியவுடன் மருத்துவரின் கடமை முடிந்ததா? இல்லை. அச்சான்றுக்குக் களமும் கேட்போரும் உளர். குழாயைத் திறந்தால் நீர் வரும் நாட்டில், குழந்தைகளை வைத்து நிகழ்ந்த ஆய்வு அது. சிவகாசியோ மழை குறைந்த கரிசல் நிலத்து ஊர். பட்டாசுக் கூடத்திலிருந்து கை சுட்டுக்கொண்டு வீடு திரும்பும் ஒரு பெண்தொழிலாளியின் தெருவில் அந்நேரத்தில் குழாய் நீர் வாராதிருக்கலாம். குடத்து நீரை முகந்து மெல்ல மெல்லத் தொடர்ந்து ஊற்றலாம் என்று ஒரு சொல் கூறின், அறிவுரை அவள் கைக்கு எட்டும். கூறாவிடின், 'ஓடும் நீர் இல்லை' என்று அவள் மீண்டும் பற்பசையையே நாடுவாள். பனிக்கட்டி வைத்தல் தீது. காயம் நிகழ்ந்து மூன்று மணி நேரத்திற்குள் நீர்விடுதல் பயன்தரும். உடலின் பெரும்பகுதி வெந்த குழந்தைக்கு நெடுநேரம் நீரூற்றின் உடல் குளிர்ந்து இடர் நேரும். கண்ணில் வெடித்துகள் பட்டாலும், புகையை உள்ளிழுத்து மூச்சுத் திணறினாலும் மருத்துவமனைக்கு விரைதலே முதற்கடன். இவையே எல்லைகள். அனைத்தினும் முன்னாக, வெடித்துக்கொண்டிருக்கும் இடத்திற்குள் உதவும்பொருட்டு ஓடலாகாது என்பதை முதலிப்பட்டி நமக்கு உணர்த்தியது.

காலமும் மறக்கற்பாலதன்று. 2020-இன் தொடக்கத்தில், நலமாயிருக்கும் பொதுமக்கள் முகக்கவசம் அணிய வேண்டுவதில்லை என்ற உலக சுகாதார நிறுவனம், அவ்வாண்டு சூன் 5-ஆம் நாள், தொற்றுப் பரவும் இடங்களில் பொதுமக்களும் துணிக்கவசம் அணியலாம் எனத் தன் அறிவுரையைத் திருத்திற்று. சான்று வளர அறிவுரை மாறுதல் அறிவியலின் குறையன்று, நிறையே. ஆயின் பழைய படத்துண்டு நாளின்றிச் சுற்றிவரின், திருத்தமே முரணாகத் தோன்றும். சிவகாசி நாட்காட்டியின் பின்புறக் குறிப்பிற்கு ஆக்கியோன் பெயரில்லை. ஆயின் முன்புறத்தில் நாள் இருந்தது. கைப்பேசியில் சுற்றிவரும் படத்துண்டிற்கு ஆக்கியோன் முகம் உண்டு, நாள் இல்லை.

8. தடையும் விடையும்

'ஒரு நிமிடப் படத்துள் இவ்வளவும் அடங்குமா?' என மருத்துவர் தடை நிகழ்த்தலாம். பதினொன்றும் வேண்டும் என நாம் கூறவில்லை. ஆக்கியோன், வழி, எல்லை, காலம் என்னும் நான்கு போதும். சான்றாக: 'தீக்காயத்தில் பற்பசை வேண்டாம், குளிர்ந்த நீரை இருபது நிமிடம் விடுங்கள். குயின்சுலாந்துக் குழந்தைகளிடம் நிகழ்ந்த 2020-ஆம் ஆண்டு ஆய்வு இதற்கு ஆதரவு. கண்ணில் பட்டாலும் மூச்சுத் திணறினாலும் உடல் பெரிதும் வெந்தாலும் உடனே மருத்துவமனை செல்லுங்கள். இதனைப் பதிவு செய்யும் நாள் இது.' இதனைப் பேச ஒரு நிமிடமும் வேண்டா.

'சட்டமே இதனைப் பார்த்துக்கொள்ளும்' என்பாரும் உளர். தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டு 2-ஆம் நாள் வெளியிட்ட ஒழுக்க விதிகளில், மருத்துவர் சமூக ஊடகத்தில் தரும் செய்தி மெய்யானதாகவும் சரிபார்க்கத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும் என்னும் நெறி இருந்தது. அவ்விதிகள் அம்மாதம் 23-ஆம் நாளே நிறுத்திவைக்கப்பெற்றன. 2002-ஆம் ஆண்டு விதிகளே மீண்டும் நடைமுறைக்கு வந்தன. எவ்விதி வரினும், சரிபார்க்கும் பழக்கம் கேட்போரிடம் இல்லையேல் 'சரிபார்க்கத்தக்கது' என்னும் சொல் பயன்படாது. அப்பழக்கத்தை வளர்த்தல் கல்வியின் பணி.

மருத்துவ உரை எப்பொழுதும் வழிநூலே. மருத்துவர் தாமே முதனூல் செய்தல் அரிது. 19-ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழ்வழி மருத்துவக் கல்வியை நடத்திய சாமுவேல் பிஸ்க் கிரீன், மேலைநாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அவை மொழிபெயர்ப்பு எனவே வெளிவந்தன. முதனூல் பிறிதொன்று உண்டு என்பதைப் பயில்வோர் அறிந்தே பயின்றனர். முதனூலைச் சுட்டுதல் வழிநூலின் பெருமையைக் குறைக்காது. அதற்கு வேர் தரும்.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், சமூக ஊடக மருத்துவ அறிவுரைகள் பெரிதும் உரையையும் தனிக்காட்சியையும் ஐதிகத்தையும் துணைக்கொள்கின்றன என்பதும், அவற்றுள் குறைவாக உள்ளவை வழியும் எல்லையும் காலமுமே என்பதும் புலனாகும். நம்பச் செய்வது வேறு, நிறுவுவது வேறு. கேட்பவர் தாமே நோக்கித் தெளிதற்கு இடந்தருவதும், தான் பொருந்தாத இடத்தைத் தானே கூறுவதுமே மெய்யான சான்று. தன் எல்லையைக் கூறும் மருத்துவர் தம் பெருமையைக் குறைத்துக்கொள்வார் என்று அஞ்ச வேண்டா. ஆப்தன் என்பதற்கு அதுவே தலைசிறந்த அடையாளம்.

தமிழ் முதுகலை மாணவர்கட்கு ஒரு சொல். கைப்பேசியில் நாள்தோறும் ஒலிக்கும் மருத்துவத் தமிழும் தமிழ் உரைநடையே. காப்பியத்து அளவை வாதங்களைத் தேர்விற்கென மட்டும் கற்று ஒதுக்காமல், இவ்வுரைநடையின்மேல் வைத்து ஆராய முற்படுக. அறவண அடிகள் மணிமேகலைக்குப் போலிகளைப் பிரித்துக் காட்டியது, அவள் வாதில் வெல்லுதற்கு அன்று. மெய்யும் பொய்யும் இவையெனத் தானே தெளிதற்கு. சுட்ட கையோடு கைப்பேசியைத் திறக்கும் சிவகாசித் தொழிலாளிக்கும் அத்தெளிவு உரியதே.